புதுப் பிரதியில் தெரிந்த கம்பி

அண்ணனுக்கு,

நலம் விசாரித்து எழுதக் கை வரவில்லை. நீங்கள் அனுப்பிய அழைப்பிதழ் கிடைத்தது. நீங்கள் அந்தக் காலத்தில் இயக்கிய குதிரைப்படைப் படத்தைப் புதுப்பித்துப் போட்டிருக்கிறார்கள் என்று ஞாயிறு மதியக் காட்சிக்கு நானும் அவரும் போனோம். இடுப்பு வலியோடு அவரால் மூன்று மணி நேரம் உட்கார முடியாது என்றேன். "மச்சான் ஆசையா கூப்பிட்டிருக்காரு, போகலைன்னா நல்லாருக்காது" என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இடைவேளைக்குப் பிறகு அந்தச் சண்டை வந்தது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு படை பாய்கிறது. முன்னால் கொடியோடு வெள்ளைக் குதிரையில் வந்தவன் தலைகுப்புற விழுகிறான். அரங்கமே கைதட்டியது. விழுந்தது கதாநாயகன் இல்லை, அவனுக்குப் பதிலாகச் சவாரி செய்த என் புருஷன் என்று அங்கே யாருக்குத் தெரியும்?

பழைய பிரதியில் கீறலும் இருட்டுமாக இருந்த இடம் இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. குதிரையின் முன்னங்காலுக்கு எதிரே, தரையில் அடித்த இரண்டு முளைகளுக்கு நடுவே, இழுத்துக் கட்டிய கம்பி பளிச்சென்று தெரிந்தது. அவர் என் கையைப் பிடித்து, "அது கம்பிதானே?" என்று மட்டும் கேட்டார்.

கால் முறிந்த குதிரையை அன்றைக்கு அங்கேயே சுட்டார்கள். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அவரிடம் நீங்கள், "கடிவாளத்த நீங்கதான் தப்பா இழுத்துட்டீங்க மாப்ளே. விடுங்க, நான் வெளிய சொல்ல மாட்டேன்" என்றீர்கள். பெரிய மனசு என்று உங்களைக் கும்பிட்டேனே, நினைத்தால் உடம்பு கூசுகிறது. முப்பத்தோரு வருஷமாக அந்தக் குதிரையைத் தானே கொன்றதாக நினைத்திருந்தார். லாயத்தில் சாணி அள்ளினார், குளம்பு துடைத்தார். எந்தக் குதிரை மேலும் ஏறவில்லை. சவாரி கற்றுத்தரச் சொல்லி எங்கள் மகள் அழுதபோதும், "என் கைய நம்பாதம்மா" என்று விலகிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "மச்சானுக்குத் தெரியாம யாரோ கட்டியிருப்பாங்க" என்று உங்களுக்காக என்னிடமே வாதாடுகிறார். நீங்கள் சொல்லாமல் அந்தப் படப்பிடிப்புத் திடலில் ஒரு நாற்காலி நகராது என்பது எனக்குத் தெரியாதா?

வரும் திங்கட்கிழமை அவருக்கு இடுப்பில் மறுபடி ஆபரேஷன். நெஞ்சும் பலவீனமாக இருக்கிறது என்கிறார் டாக்டர். மாலையும் மலர்க்கொத்தும் அனுப்பாதீர்கள். அதற்கு முன்னால் நேரில் வாருங்கள். தப்பு அவர் மேல் இல்லை என்று உங்கள் வாயால் ஒரு தடவை சொல்லுங்கள். நான் குறுக்கே பேச மாட்டேன். சாப்பாடும் எடுத்து வைக்கிறேன்.

இன்னமும் உங்கள்
தங்கை