கம்மி சூடு

மாமா,

சிதம்பரத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போறேன். மீன் குழம்பு அடுப்பு மேல இருக்கு.

துணி காய வைக்குற டிரையரைப் பாக்க மெக்கானிக் பத்து மணிக்கு வர்றேன்னாரு. வேணாம்னு போன் பண்ணிடுங்க. அது ரிப்பேர் இல்ல. நம்ம பாப்பா துணிக்காக வச்ச கம்மி சூட்டுலயேதான் இன்னும் ஓடுது. அவ நம்மள விட்டுப் போயி ரெண்டு மாசம் ஆகியும் அந்த சுவிட்சைத் திருப்ப எனக்குக் கை வரல.

உங்க யூனிஃபார்ம் ஈரமா இருக்குன்னு நேத்து, "ஒரு மிஷினக்கூடப் பாத்துக்கத் தெரியாதா?"ன்னு கத்துனீங்க. அதான் எழுதி வச்சுட்டுப் போறேன்.

ஞாயித்துக்கிழமை நான் வர்றதுக்குள்ள நீங்களே ஜாஸ்தி சூட்டுக்கு மாத்திடுங்க.

இலக்கியா

சொல்ல மறந்துட்டேன். மாத்துறதுக்கு முன்னாடி, உள்ள இருக்குற அவ மஞ்சள் கவுனை எடுத்துடுங்க. அது அவ்ளோ சூடு தாங்காது.