பதினோராவது பலகை

தண்ணீரூற்று
12.09.2004

அன்பு மகன் றிபாஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் உம்மாவும் சுகம், கத்தார் வெயிலில் நீயும் சுகமாயிருக்க இரண்டு பேரும் துஆக் கேட்கிறோம்.

வீதியை அகலமாக்கப் போகிறார்களாம், அதனால் உன் மூத்தவாப்பா கட்டிய எங்கள் கடையைக் கழற்றி முப்பது அடி பின்னுக்குக் கொண்டுபோய், பழுதைத் திருத்தி அப்படியே பொருத்துகிறோம். வேலையைப் பொறுப்பெடுத்தவன் பக்கத்துக் காணிச் சின்னராசா. நாங்கள் புத்தளத்தில் அகதியாகக் கிடந்த காலம் முழுக்கக் கடைக்குள் நெல் அடுக்கியவன், இப்போது கூலியும் வேண்டாம் என்கிறான். “நானா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ” என்று அண்ணன் முறை வைத்து அவன் சொல்லச் சொல்ல எனக்கு யோசனை கூடியது. ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதைதான் என்று நினைத்தேன். அவன் முதிரை மரச் சட்டங்களுக்குக் கரியால் இலக்கம் போட்டான், மாற்றிவிடுவான் என்ற பயத்தில், அவன் சாப்பிடப் போன நேரம் நான் ஆணியால் என் குறியையும் கீறி வைத்தேன். பகல் முழுக்கக் கதிரை போட்டுக் காவலிருந்தேன், உம்மா சிரித்தா.

நாங்கள் போனபின் முன்வாசலைத் தகரத்தால் அடைத்துவிட்டு, கதவுப் பலகைகளை இவ்வளவு காலமும் தன் வீட்டில் வைத்திருந்தவன் வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். பதினொன்றில் பத்துத்தான் இருந்தது. பூட்டுக் கொளுவி உள்ள கடைசிப் பலகை இல்லை. நான் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் முன்னால் களவென்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் அவன் வரவில்லை. மழை வரப்போகிறது, பாதிக் கூரை திறந்தபடி.

உம்மாவிடம் குறை சொன்னபோது, “அதிலைதானே றிபாஸ் புத்தளத்திலை படுத்தவன், நீங்கள்தானே கொண்டுபோனனீங்கள்” என்றா. பதின்மூன்று வருடம் படுக்கைப் பலகையாகப் பார்த்துப் பழகி, அது கதவென்பதையே மறந்துவிட்டேன்.

விடிந்ததும் அவன் வாசலுக்குப் போனேன். “தொண்ணூறிலை இயக்கம் உங்கடை ஆக்களை ஊரைவிட்டுப் போகச் சொன்ன அண்டைக்கு, பிள்ளையள் விழுந்திடுமெண்டு ட்ரக்டர் பெட்டியிலை அந்தப் பலகையைக் கட்டிவிட்டது நான்தானே நானா” என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்கள் கேக்கேல்லையே” என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது மகன். பின்னேரம் வந்து கூரையில் ஏறினான், முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அல்லாஹ் உனக்குப் பறக்கத் செய்வான். லீவில் வரும்போது புத்தளத்துக்குப் போய், பழைய கொட்டிலில் இருக்கும் அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு வா. நீயே அவன் கையில் கொடு, எனக்கு முகமில்லை. அதுவரை கடைசி இடைவெளியை அவன் தகரத்தால்கூட அடைக்காமல் விட்டிருக்கிறான்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
சரீப்