ரூபிக்காகப் போட்ட கையெழுத்து

ரிங்லெட் தேயிலைத் தோட்டம்
3-12-1982

அன்பு மகன் ராதாகிருஷ்ணனுக்கு அப்பா முருகையா எழுதுறது. மாரியாத்தா புண்ணியத்துல நானும் அம்மாவும் தங்கச்சி திலகமும் இங்க ஒரு குறையும் இல்லாம இருக்கோம், நீ அந்த மதராஸ் வெயில்ல உடம்புக்கு ஒண்ணும் வராம இருக்கியான்னுதான் மனசு கெடந்து அடிச்சுக்குது. உன் கடிதாசி தீபாவளி கழிச்சு வந்துச்சு. அம்மா அதைத் திலகத்தை விட்டு நாலு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டா. இங்க விடாத மழை, கொழுந்துக் கூடை ஈரத்துலயே ரெண்டு மடங்கு கனக்குது, அம்மாவுக்கு முட்டி வலி, ரெண்டு நாள் வீட்ல இருன்னா கேக்க மாட்டேங்குறா. திலகம் தானா ராத்தா டவுனுக்குத் தையல் படிக்கப் போறா, பஸ் வர நேரமாச்சுன்னா அம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகிட்டே இருப்பா. இதெல்லாம் எப்பவும் உள்ளதுதான். அப்பா ஏன் பங்களா வேலைய விட்டுட்டு மலையில தேயிலைக்கு மருந்து அடிக்கப் போறாருன்னு நீ கேட்டிருந்த. அதைத்தான் நாலு நாளா எழுதறதும் கிழிக்கறதுமா இருக்கேன். நான் செஞ்சது சரியா தப்பான்னு எனக்கே வெளங்கல தம்பி. நீ மிருக டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை, உன்கிட்டத்தான் கேக்கணும்.

பங்களாவுல ரூபின்னு ஒரு பொட்டை நாய் இருந்துச்சே, செம்பட்டை நிறம், காது ரெண்டும் தரைய கூட்டற மாதிரி தொங்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். நீ கப்பல் ஏறின வருஷம் தானா ராத்தாவுல ஓட்டல் வச்சிருக்கவரு பங்களாவுக்கு விருந்துக்கு வந்தாரு, அவருகூட ஒரு வெள்ளை நாய், ஆட்டுக்குட்டி மாதிரி சுருட்டை முடி. அன்னைக்குப் பார்த்து நான் ரூபியக் கூண்டுல அடைக்க மறந்துட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு நாலு குட்டி. நான்தான் கூட இருந்து துடைச்சு எடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது தம்பி, அந்த மாதிரி அழகான குட்டிய நான் பார்த்ததே இல்ல, பொம்மைக் கரடிக்கு உசுரு வந்த மாதிரி இருக்கும். தொரைசாணி கோவிச்சுக்குவாங்கன்னு பயந்துகிட்டே தூக்கிட்டுப் போய்க் காட்டினேன். அவங்க மடியில வச்சுக்கிட்டு, முருகையா இது என்ன ஜாதிலான்னு, அவங்க வழக்கமா போடற லாவோட கேட்டுச் சிரிச்சாங்க. அந்த ஞாயித்துக்கிழமை மலை பார்க்க வந்த கோலாலம்பூர்க்காரங்க ரெண்டு குட்டிய அப்பவே காசு குடுத்து வாங்கி, காடியில பின் சீட்டுல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் டெலிபோனுக்கு மேல டெலிபோன், எங்களுக்கு ஒண்ணு வேணும் எங்களுக்கு ஒண்ணு வேணும்னு. ரூபி பருவத்துக்கு வந்தாப் போதும், ஓட்டல்காரரு வெள்ளை நாயோட வந்து நிப்பாரு. ரெண்டரை வருஷத்துல அஞ்சு ஈத்து. ஒரு ஈத்துக் குட்டிங்க பால் மறந்து, ரூபிக்குக் கொட்டின முடி திரும்ப முளைக்கறதுக்குள்ள அடுத்தது.

இதுல பாவம் எங்க ஆரம்பிக்குதுன்னு யோசிச்சா எனக்குத் தலை சுத்துது. கலப்புதான் பாவம்னா நம்ம லைன் வீட்டுப் பக்கம் திரியற நாயெல்லாம் என்ன, அதுங்க யாரைக் கேட்டுச் சேருது. திரிங்காப்புல தோட்டம் போட்டவங்க ரோசாவுக்கு ஒட்டுக் கட்டுறாங்க, நானே பங்களாவுல எத்தனை கட்டியிருக்கேன், பூ நல்லா வந்தா எல்லாரும் கும்பிட்டு வாங்கிட்டுப் போறாங்க. ஆனா ரோசாச்செடி கண்ணைத் திறந்து நம்ம மூஞ்சியப் பாக்கறதில்லையே. எல்லாக் குட்டியும் சுருட்டை முடியா வராது தம்பி. ஒண்ணு ரெண்டு நேர் முடியா வரும், ஒண்ணுக்குத் தாடை கோணலா இருக்கும். வர்றவங்க அதைத் தொட்டுக்கூடப் பாக்க மாட்டாங்க. இதுங்கள யாருக்காவது குடுத்துரு முருகையான்னு தொரைசாணி சொல்லுவாங்க. நான் நல்லுசாமி ஓட்டற காய்கறி லோரியில கொண்டுபோய்த் தோட்டக்காரங்ககிட்டக் குடுத்துட்டு வருவேன், கொன்னு போடாம வாழ வச்சோம்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். போன மார்ச்சுல நல்லுசாமிகூடத் திரிங்காப்புக்குப் போனப்ப, கோஸ் பாத்திக்கு நடுவுல சங்கிலியில நான் குடுத்த குட்டியில ஒண்ணு கட்டிக் கெடந்துச்சு. முடி வளர்ந்து சேறும் சாணியும் சேர்ந்து பலகை மாதிரி ஒட்டிப்போயிருக்கு, அதுக்குள்ள கண்ணு ரெண்டும் சீழ் வடியுது. வெட்டிவிடணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லல, குடுத்த நானே சொல்லல. என் குரலைக் கேட்டு வாலை ஆட்டுச்சு. கத்திரிக்கோல் வாங்கி வெட்டினேன், வெட்ட வெட்ட உள்ள தோலெல்லாம் புண்ணு.

அதுக்காகத் தொரைசாணிய ராட்சசின்னு நெனைச்சுராத. அம்மா ஆஸ்பித்திரியில கெடந்தப்ப தினம் சூப் வச்சு அனுப்பினது அவங்கதான், உனக்குத் தெரியும். இன்னொண்ணும் சொல்லணும். ஈப்போவுல ஒரு வாத்தியார் மக, எட்டு வயசு, இழுப்பு நோய்க்காரி, பூனை நாய் கிட்ட வந்தாலே மூச்சு முட்டுமாம். இந்தச் சுருட்டை நாய் முடி கொட்டாது, ஒண்ணும் செய்யாதுன்னு யாரோ சொல்லி அழைச்சிட்டு வந்தாங்க. அந்தப் பொண்ணு குட்டிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் படியில உக்கார்ந்திருந்துச்சு, இருமவே இல்ல. அவங்கப்பா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அழுதாரு. அதையும் இதே கண்ணாலதான் பார்த்தேன். கோஸ் பாத்தியில கெடந்ததும் அந்தப் பொண்ணு மடியில இருந்ததும் ஒரே வயித்துப் பிள்ளைங்க.

ஆகஸ்டுல அஞ்சாவது ஈத்து. தொரையும் தொரைசாணியும் பினாங்குக்குப் போயிருந்தாங்க. காலையில ஆரம்பிச்ச வலி, மத்தியானம் ஆகியும் குட்டி வரல, ரூபி முக்கறதக்கூட நிறுத்திட்டு என் கையில தாடைய வச்சுக்கிட்டுச் சும்மா பாக்குது. கணக்கு எழுதற கிராணி ஆபீஸ்ல போய்ச் சொன்னேன், பினாங்குக்குப் போன் போட்டாங்க, கிடைக்கல. நல்லுசாமி லோரியில கோணிய விரிச்சு ரூபிய மடியில போட்டுக்கிட்டுத் தாப்பா மலை ரோடு வழியா ஈப்போ போனேன், அந்த வளைவெல்லாம் அது முனகாமயே வந்துச்சு, அதுதான் எனக்குப் பயம். ஈப்போவுல நாய் டாக்டர் ஒரு சீனரு, நல்ல மனுஷன், தொட்டுப் பார்த்ததும் வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணும்னாரு. அப்புறம் மலாய்ல கேட்டாரு, கர்ப்பப்பை நஞ்சுபோயிருக்கு, எடுத்துட்டா இனிமே குட்டி போடாது, எடுக்காமலும் தைச்சு விடலாம், ஆனா அடுத்த தடவ தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது, நாய் யாருதுன்னு. நான் என்னுதுன்னு சொல்லிட்டேன். எடுத்துருங்கன்னு சொல்லி, அவரு நீட்டின தாள்ல சி. முருகையான்னு கையெழுத்தும் போட்டேன். உன்னை ஸ்கூல்ல சேர்த்த பாரத்துக்கப்புறம் அப்பா போட்ட பெரிய கையெழுத்து அதுதான், அதுவும் பொய்க் கையெழுத்து. அஞ்சு குட்டியில ரெண்டு பொழைச்சுது. ரூபியும் பொழைச்சுது.

அவங்க திரும்பி வந்த அன்னைக்கே போய்ச் சொன்னேன், மறைக்கல. தொரைசாணி திட்டுவாங்கன்னு நெனைச்சேன், திட்டியிருந்தா நல்லாயிருக்கும். முருகையா அது என் நாய்லா, என்னைக் கேட்டிருந்தா நானே இனிமே குட்டி வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேனா, என்னை அவ்வளவு கெட்டவளாவா நெனைச்ச அப்படின்னாங்க. கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பாங்களா? சில நாள் சொல்லியிருப்பாங்கன்னு தோணுது, சில நாள் குட்டிக்குக் காத்திருக்கவங்க பேரெல்லாம் எழுதின நோட்டைப் பார்த்துட்டு மனசு மாறியிருப்பாங்கன்னு தோணுது. மறுநாள் கங்காணி வந்து, நாய உங்க வீட்லயே வச்சுக்கச் சொன்னாங்க, நாளையிலேர்ந்து மருந்து அடிக்கிற கூட்டத்துக்கு வந்துருன்னாரு. லைன்ல பாதிப் பேரு நீ செஞ்சது தர்மம்ங்கிறான், பாதிப் பேரு நாய்க்காகப் பங்களா வேலைய விட்ட பைத்தியம்ங்கிறான். அம்மா ரூபிக்குத் தன் பழைய சேலையக் கிழிச்சுப் படுக்கை போட்டா. இப்ப அது அடுப்படியில திலகம் காலைச் சுத்தியே கெடக்குது, உடம்பு தேறிடுச்சு.

இதோட முடிஞ்சிருந்தா நானும் நிம்மதியா இருப்பேன். செப்டம்பர்லயே சிங்கப்பூர்லேர்ந்து புதுசா ஒரு பொட்டை வந்துருச்சு, ரூபியவிடச் சின்ன வயசு. என் எடத்துக்கு இராமையாவைப் போட்டாங்க, நல்லவன்தான், ஆனா நாயக் கண்டாலே ரெண்டடி தள்ளி நிப்பான். போன வியாழக்கிழமை மலையில மருந்து அடிச்சுக்கிட்டிருக்கேன், அவன் மூச்சு வாங்க ஓடி வர்றான், புது நாய் காலையிலேர்ந்து கஷ்டப்படுது, தொரைசாணி அம்மா உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்கண்ணேன்னு. நான் ரூபிக்குக் கையெழுத்துப் போட்டதுதான் இந்தப் புது நாய் அந்தக் கூண்டுக்கு வந்த காரணம், அப்படித்தானே? போனா அந்த வியாபாரத்துக்கு நானும் கூலி. போகாட்டி அந்த வாயில்லா ஜீவன் என்ன பண்ணும். யோசிக்கிறேன்னு நெனைக்கிறேன், கால் ஏற்கனவே எறங்கி நடக்குது. குட்டி ஒண்ணு குறுக்கால மாட்டிக்கிட்டு இருந்துச்சு. எண்ணெய் தடவி விரலை விட்டு மெதுவாத் திருப்பி எடுத்தேன். அப்புறம் மளமளன்னு மூணு. எல்லாம் சுருட்டை. ஈரத்தோட ஒண்ணு என் உள்ளங்கையில வாயைத் திறந்து கத்துச்சு, எனக்குச் சந்தோஷம்னா சந்தோஷம் தம்பி, அப்படி ஒரு சந்தோஷம், அதுக்கு அப்புறம் வந்த வெக்கமும் அப்படி.

தொரைசாணி எனக்குத் தன் கையாலயே காப்பி கொண்டாந்து குடுத்தாங்க. திரும்பி வந்துருறியா முருகையான்னு கேட்டாங்க. பிரசவம்னா எந்நேரம் கூப்பிட்டாலும் வர்றேன்மா, ஓட்டல்காரரு வெள்ளை நாயோட வர்ற அன்னைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்கன்னேன். இது என்ன பதில்லா, ஒண்ணு இந்தப் பக்கம் நில்லு இல்ல அந்தப் பக்கம் நில்லுன்னாங்க. எந்தப் பக்கம்னு தெரிஞ்சா நின்னுருப்பேன்மான்னு சொல்லிட்டு மருந்து டின்னை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

உன் புத்தகத்துல இதுக்கு என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லு, இல்லாட்டி உன் மனசுல என்ன படுதோ அதை எழுது, அப்பா கோவிச்சுக்க மாட்டேன். நாய்க்கடி ஊசி போட்டுக்கிட்டியான்னு அம்மா கேக்கச் சொன்னா, சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கவும் சொன்னா. பாஸ்போர்ட் தேதி ஏப்ரலோட முடியுது, மறந்துராத. எங்க இருந்தாலும் ஆத்தா உனக்குத் துணை நிக்கட்டும், உன் கை பட்ட உசுரெல்லாம் பொழைக்கட்டும்.

உன் நினைப்பாவே இருக்கும் அப்பா,
சி. முருகையா