கோப்பி அசையவில்லை, தெய்வானை

என் கண்ணான தெய்வானை,

இது உன் அபாங், உன் புருஷன்தான், தன் சொந்தக் கையால் எழுதுவது. நம்புகிறாயா? வாழ்நாள் முழுவதும் கட்டைவிரலை மையில் தோய்த்தவன் இப்போது பென்சில் பிடிக்கிறேன். கோயிலின் பின்கட்டில், வேலை போன ஒரு தோட்டத்துக் கணக்குக் கிராணி மாலையில் எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறார். வகுப்பில் நான்தான் கிழவன்.

உன் பெயரை எழுதவே ஒரு மாலை போய்விட்டது. அதன் கடைசி எழுத்து தும்பிக்கை மாதிரி சுருண்டு வருகிறது. நம் ஊர் காஜா பெராங்கின் பெயரிலும் யானை, உன் பெயரிலும் யானை என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். நீ இருந்தாலும் இதைப் படிக்க மாட்டாய். உங்கள் செட்டி வீட்டில் மலாய்தானே பேச்சு, தமிழ் பாதி வாயில் நிற்கும். நான்தான் உனக்குப் படித்துக் காட்டியிருப்பேன். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்!

மற்றபடி களைப்புதான். அரிசி கிடைப்பதில்லை. மரவள்ளியைத் தின்று தின்று நாக்கு மரத்துவிட்டது. பாலத்து ஜப்பான் காவல்காரனுக்குக் குனிந்து குனிந்து இடுப்பு நோகிறது. பால் டின்னில் சுற்றியிருந்த தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். கை சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது. ஆனாலும் கோப்பிக்கு என்ன ஆனது என்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ அது தெரியாமலேயே போய்விட்டாய்.

இதை நான் வகுப்பில் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டுமாம். அதனால் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு துரை பங்களாவில் நாய்களைப் பழக்குவதுதான் என் வேலை. நாய்ப் போட்டிகளுக்குத் துரைதான் போவார். பழக்கியவன் நான், மைதானத்தில் நின்றவர் அவர். ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடினார். காப்பி நிறக் குட்டி ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. நீதான் அதற்குக் கோப்பி என்று பேர் வைத்தாய்.

பட்டாளத்துக்காரர்கள் தெருவில் போகும்போது நாயைக் கத்திக் கூப்பிட முடியுமா? அதனால் சத்தமில்லாமல் ஒரு பழக்கம் ஏற்படுத்தினேன். நான் இடுப்பை வளைத்துக் குனிந்தால், கோப்பி எங்கே இருந்தாலும் ஓடி வந்து என் காலடியில் நிற்க வேண்டும். வந்தால் ஒரு துண்டு மரவள்ளி. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகுதான் அந்த உத்தரவு வந்தது. ஊரில் நாய்கள் பெருகிவிட்டனவாம். பண்டார் ஹிலிர் திடலில் விளையாட்டு நாளன்று நாய்களுக்கும் போட்டி. மூங்கிலைத் தாண்ட வேண்டும், எறிந்த கட்டையைக் கொண்டுவர வேண்டும், சொன்ன இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தேறின நாய்க்குக் கழுத்தில் ஒரு மரவில்லை கட்டுவார்கள். தேறாத நாயைச் சுட்டுவிடுவார்கள்.

மூங்கிலையும் கட்டையையும் கோப்பி விளையாட்டாகச் செய்தது. கடைசியில் அதை உட்காரவைத்துவிட்டு, அதிகாரியின் மேசைவரை நடந்து போய்க் குனிந்து கும்பிட வேண்டும். "கேரே!" என்று கத்தினார்கள், வணங்கு என்று அர்த்தம். குனிந்தேன். நான் குனிந்ததும் கோப்பி திடலைக் கிழித்துக்கொண்டு வந்தது! மேசைக்கு அடியில் புகுந்து, அதிகாரியின் பூட்ஸ் இரண்டுக்கும் நடுவில் நின்று, மரவள்ளி எங்கே என்று என்னை நிமிர்ந்து பார்த்தது.

ஊரே சிரித்தது. ஒரு நொடிதான். என் கன்னத்தில் அறை விழுந்த சத்தத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. மொழிபெயர்க்க நின்ற தமிழர் என் காதருகில் வந்தார். "பெரியவரே, அடுத்த போட்டியில இன்னொரு வாட்டிதான் விடுவாங்களாம். அதுலயும் இப்படின்னா நாயை இங்கேயே விட்டுட்டுப் போக வேண்டியதுதான்."

அன்று பிடித்தது நடுக்கம். அரிசி வரிசையில் நின்றால்கூடக் கை ஆடியது. நான் கயிற்றைப் பிடித்தால் கோப்பிக்கு வால் உள்ளே போய்விடும். நாள் பூரா பழக்கிய நாய், என் முகத்தைப் பார்த்தால் உட்கார மறந்தது. நாய்க்கா புத்தி கெட்டது, எனக்கா?

நீ சொன்னாய்: "லூ தாகோட், அஞ்ஜிங் பூன் தாகோட்." நீ பயந்தா நாயும் பயப்படும் என்று. "அது தப்பு பண்ணலே அபாங். லூ குனிஞ்ச, அது வந்துச்சு. நல்ல நாய்."

மறுநாள் மாலை நீ தேங்காய்த் துருவிப் பலகையை வாசலுக்கு இழுத்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தாய். தலையில் என் பழைய தொப்பி, அதிகாரி மாதிரி. கோப்பியைத் தூரத்தில் உட்காரவைக்கச் சொல்லிவிட்டு, "கேரே!" என்று கத்தினாய். தெருவே திரும்பிப் பார்த்தது.

பக்கத்து வீட்டுச் சின்னம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டாளே, நினைவிருக்கிறதா? "ஏன் அண்ணே, பொண்டாட்டிகிட்ட இப்படிக் குனியறதுக்கு ஜப்பான்காரன் வரணுமா?"

"நீயும் வந்து உட்காரு, காசு வேணாம்!" என்றாய் நீ. அவள் வந்தாள். இன்னும் நாலைந்து பேரையும் கூட்டிவந்தாள். வேண்டாம் என்று நான் முணுமுணுத்தேன். "கூட்டம் வேணும் அபாங். அங்கே கூட்டம் இருக்காதா?" என்று அடக்கிவிட்டாய்.

நான் குனிய, அவர்கள் ஊளையிட, கோப்பி ஓடி வர, நீ என்னை அறைய, மறுபடியும் முதலிலிருந்து. அறைந்தாயே, அதைச் சொல்ல வேண்டாமா? "அறைக்குத்தானே பயம்? இந்தா, வாங்கிக்க." முதலில் தடவுகிற மாதிரி. அப்புறம் மெய்யாகவே விழுந்தது. சின்னம்மா சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். அறை வாங்கிச் சிரித்தவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கூப்பிடும் பழக்கத்தை மாற்றினேன். தொடையைத் தட்டினால் மட்டும் மரவள்ளி, குனிந்தால் ஒன்றும் இல்லை. கோப்பி மெல்ல மெல்லப் புரிந்துகொண்டது. என் கைதான் அடங்கவில்லை. குனிகிற நேரத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வதை நீதான் கண்டுபிடித்தாய். ஒரு வெற்றிலையைச் சுருட்டி என் வாயில் திணித்தாய். "மெல்லு. மெல்லுற வாய்க்கு மூச்சை அடக்கத் தெரியாது." மென்றேன். தோள் இறங்கியது. அங்கே கோப்பியின் காதும் இறங்கியது.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. கொய்னா மருந்துக்கு எங்கே போவேன்? போர்வையைச் சுற்றிக்கொண்டு அப்போதும் துருவியில் வந்து உட்கார்ந்தாய். கத்தக் குரல் வராதபோது விரலால் பலகையைத் தட்டினாய். நான் குனிந்தேன். கோப்பி அசையவில்லை. நீ தலையை ஆட்டினாய். அதுதான் நாம் கடைசியாகப் பழகியது.

உன் காரியம் முடிந்து கொஞ்ச நாளிலேயே போட்டி வந்தது. போகப் பிடிக்கவில்லை. போகாவிட்டால் நாய் போகும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு திடலுக்கு நடந்தேன்.

அதே மேசை, அதே பூட்ஸ். கோப்பியை உட்காரவைத்துவிட்டு நடந்தேன். கூட்டத்தில் யாரோ, "அந்தப் பெருசுதான்டா, பாரு பாரு, நாய் இப்ப வரும்!" என்றான். மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வெற்றிலை இல்லை. வெறும் வாயை மென்றேன், தெய்வானை. பல் போன ஈறோடு ஈறை வைத்து மென்றேன். மூச்சு வந்தது.

"கேரே!"

குனிந்தேன். பூட்ஸ் தெரிந்தது. அப்புறம் பூட்ஸ் தெரியவில்லை, துருவிதான் தெரிந்தது, அதன் இரண்டு பக்கமும் உன் கால்கள். முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லை. நிமிர்ந்து திரும்பினேன். கோப்பி வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தொடையைத் தட்டினேன். பறந்து வந்தது.

மரவில்லையைக் கழுத்தில் கட்டினார்கள். ஜெயித்தவனுக்கு மகிழ்ச்சி வர வேண்டும் அல்லவா? எனக்குத் தூக்கம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்வது என்று தெரியாமல் துருவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோப்பி அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் மாலையானால் அங்கேதான் உட்காருகிறது. கத்துவதற்கு யாரோ வருவார்கள் என்று நினைக்கிறதா?

நாளைக்கு இதை வகுப்பில் படிக்க வேண்டும். மெதுவான குரலில் படியுங்கள், சுவருக்குக் காது உண்டு என்று கிராணி சொல்லியிருக்கிறார். எனக்குப் பயம்தான். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். படிப்பதற்கு முன் ஒரு தடவை மென்றுகொள்வேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது என் வாக்கு. பாலத்தில் அந்தக் காவல்காரனுக்கு நான் தினமும் குனியத்தான் வேண்டும். இனிமேல் அங்கே குனிகிற ஒவ்வொரு தடவையும் அது உனக்குத்தான், துருவியில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த உனக்கு. அவனுக்குத் தெரியாது. கோப்பிக்குத் தெரியும்.

குனிந்தபடியே,
உன் அறை வாங்கிய அபாங்