தூங்கும் அறையின் மேற்கு ஜன்னல்

மார்ச் 11
காலையிலேயே வெயில். கள்ளக்குறிச்சி ஆபீஸில் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒருவழியாக, நான் வரைந்த நைனார்பாளையம் காப்பகத்தின் கம்ப்யூட்டர் மாடல் முடிந்தது. கூலி வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். ஏசி கிடையாது. சுடாத மண் கல் சுவர், காற்றோட்டம், அவ்வளவுதான். ஒரு நாள் வெயில் எங்கெங்கே விழும் என்று அதில் ஓட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் தூங்கும் அறை நாள் முழுக்க நீலம், அதாவது குளிர்ச்சி. சார் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குக் கர்வம்தான்.
வாங்க வேண்டியது: புளி, சார்ஜர்.

மார்ச் 13
சைட். பூஜை முடிந்து அஸ்திவாரக் குழியும் தோண்டியாயிற்று. நாளை மறுநாள் கான்கிரீட். சித்தாள் செல்வி வேப்பமரத்தில் தூளி கட்டியிருந்தாள். வெயில் நகர நகரக் கிளை மாற்றிக் கட்டினாள்.
"இது எழும்பிட்டா இந்தத் தொல்ல இல்லக்கா. புள்ளய உள்ள போட்டுட்டு வேலைக்குப் போய்க்கினே இருக்கலாம்."
சாயங்காலம் தூங்கும் அறைக்கான குழி ஓரம் நின்று போட்டோ எடுத்தேன். ஜன்னல் வரும் பக்கம் திரும்பினால் முகத்தில் வெயில். எதிரே தூரத்தில் கல்வராயன் மலை. மலை மேற்கில். மாடலில் அந்த ஜன்னல் வடக்கு.
பஸ்ஸில் புரிந்தது. நீள மனை, தாளில் அடங்கவில்லை என்று படுக்கவைத்து வரைந்தேன். நிஜ வடக்கு எது என்று மாடலுக்குச் சொல்லவே இல்லை. அது தாளின் மேல்பக்கத்தை வடக்காக எடுத்துக்கொண்டது. நிஜத்தில் வாசல் கிழக்கு என்பதால், காப்பகம் கட்டும் டிரஸ்ட்காரர்களுக்கும் திருப்தி. யாரும் கேட்கவில்லை. மடச்சி நான்.

மார்ச் 14
வடக்கைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். தூங்கும் அறை மத்தியானத்திலிருந்து சிவப்பு. அந்த வெக்கையில் கைக்குழந்தைகள்.
வழி இருக்கிறது: சாமான் அறை பின்னால் மேற்கே, தூங்கும் அறை முன்னால் கிழக்கே. இரண்டு குழி புதிதாக வெட்டவேண்டும்.
சார்: "பூஜ போட்டாச்சு. இப்ப போய் தப்புன்னு சொன்னா டிரஸ்ட்காரன் அடுத்த வேல நமக்குக் குடுப்பானா? ரெண்டு தென்ன வெச்சா நெழல் வந்துடும். நீ வாய மூடிக்கினு இரு."
தென்னை வளர்வதற்குள் செல்வியின் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். சாருக்கும் அது தெரியும். கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். இந்த வேலை போனால் இந்த ஊரில் வேறு ஆபீஸ் ஏது.

மார்ச் 15
வானத்தில் ஒரு மேகம் இல்லை. விடிந்ததும் மேஸ்திரிக்குப் போன்.
"கலவ போடாதீங்க மேஸ்திரி. ரூம் மாறுது."
"இன்னாம்மா சொல்ற? மிசின் ஓடிக்கினு கீது. சார் சொன்னாரா?"
"இல்ல. தப்பு என்னுது. யாரு நிறுத்துனதுன்னு கேட்டா என் பேரச் சொல்லுங்க."
போனில் மிசின் சத்தம். பிறகு அது நின்றது.
"வந்து கோடு போட்டுக் குடும்மா. ஆளுங்க சும்மா குந்திக்கினு இருக்காங்க."
இப்போது பஸ்ஸில். சின்னசேலம் தாண்டியாயிற்று. மடியில் புதுப் பிளான். சார் கூப்பிடுகிறார், மூன்றாவது தடவை. எடுக்கப்போகிறேன்.