மூன்றாம் மேசைக்குப் பரிசு

யூன் 3, திங்கள்
சோளகக் காற்று. பஸ் ஏறுமுன்னரே கண்ணெல்லாம் மணல். நண்டு வரத்துக் குறைவு.

வாங்க வேண்டியவை: தேங்காய், நெருப்புப்பெட்டி, சின்னவளுக்குக் காலுறை.

புது மனேஜர் மீற்றிங் வைத்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. யாரையும் நீ என்று சொல்லாதவர். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எரிச்சல். எங்கள் நண்டுக் கொம்பனியில் 'வேலைக் கலாசாரம்' சரியில்லையாம். இனிக் கிழமைதோறும் மேசைகளுக்கிடையே போட்டி. அதிகம் நண்டுச்சதை எடுக்கும் மேசைக்கு ஒரு பெட்டி பிஸ்கற், சுவரில் படம். எல்லோரும் கைதட்டினோம். சுப்பவைசர் என்பதால் நான் கொஞ்சம் சத்தமாக.

பிறகு தனியே கூப்பிட்டுக் கேட்டார். தட்டு நிறுக்குமுன் பெண்கள் ஒருத்தியின் தட்டிலிருந்து இன்னொருத்தியின் தட்டுக்குச் சதை மாற்றுகிறார்களாமே? தெரியாது என்றேன். தெரியாமல் என்ன. எத்தனையோ வருடம் அந்த மேசைகளில் இருந்து நண்டு உடைத்தவள் நான். கை வெட்டுப்பட்டவள், காய்ச்சல்காரி, பிள்ளைத்தாய்ச்சி, யாராக இருந்தாலும் வேகமானவர்கள் ஆளுக்கொரு பிடி போட்டுவிடுவார்கள். யாரும் கேட்பதில்லை. யாரும் நன்றி சொல்வதுமில்லை. சின்னவள் வயிற்றில் இருந்த மாதங்களில் என் தட்டில் பாதி மற்றவர்கள் எடுத்த சதை.

யூன் 4, செவ்வாய்
தலையிடி. இரண்டு பனடோல்.

மேசையில் நண்டு உடைக்கும் ஸ்ரெல்லாவுக்கு வயிற்றில் ஐந்து மாதம். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த குடும்பம். புருசன் பேசாலையில் இன்னொருவருடைய படகில் கூலிக்குப் போகிறவன், கடல் கொந்தளித்தால் வீட்டில் உலையில்லை. இவள் இன்னும் தற்காலிகம். தட்டு தொடர்ந்து குறைந்தால் வேலையால் நிற்பாட்டிவிடுவார்கள். பிள்ளை பிறக்கும்வரை தாக்குப்பிடித்தால் பேறுகால லீவு, சம்பளம் எல்லாம் உண்டு.

அதனால் ஒரு கெட்டித்தனம் செய்தேன். அவளை றீற்றாவின் மேசைக்கு, மூன்றாம் மேசைக்கு, மாற்றினேன். கொம்பனியிலேயே வேகமான கைகள் அங்கேதான். ஆளுக்கொரு பிடி போட்டாலே இவள் தட்டு நிரம்பிவிடும்.

யூன் 7, வெள்ளி
முதலாம் மேசைக்குப் பரிசு. மூன்றாம் மேசை கொஞ்சத்தில் தவறவிட்டது. முதலாம் மேசைக்காரர் சாப்பாட்டு அறையில் பெட்டியை நடுவில் வைத்துச் சாப்பிட்டார்கள். றீற்றா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. சுவரில் மாட்டிய படத்தை மட்டும் போகும்போதும் வரும்போதும் பார்த்தாள்.

ஸ்ரெல்லாவின் தட்டில் கிழமை முழுக்க ஒரு பிடியும் விழவில்லை. மனேஜருக்குப் பயந்துதான் என்று நினைத்தேன். நினைக்கத்தானே வேண்டும்.

யூன் 10, திங்கள்
காலுறை வாங்க மறந்துபோனேன். சின்னவள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

கை கழுவும் இடத்தில் றீற்றா வந்தாள். ஸ்ரெல்லாவை வேறு மேசைக்கு மாற்ற வேண்டுமாம். பிள்ளைத்தாய்ச்சி என்றேன்.

“நாங்களும் பிள்ளை பெத்தனாங்கள்தானே அக்கா.”

“அப்ப உன்ரை தட்டை ஆர் நிரப்பினது?”

“அது அப்ப. இப்ப அவவுக்குப் பிடி போட்டால் அவ எங்கடை மேசையிலையே நிண்டிடுவா, மேசைக் கணக்கு ஏறாது.”

சத்தம் உயர்த்தவில்லை. உப்பு விலை சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. பயமும் இல்லை, ஒன்றும் இல்லை. தட்டு குறைந்து தெரியட்டும் என்றே கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

மற்ற மேசைகளிலும் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் நல்லவர்கள். எல்லோருக்கும் ஸ்ரெல்லாவில் பாவம். இடம் மட்டும் இல்லை.

யூன் 12, புதன்
மனேஜர் கூப்பிட்டார். ஸ்ரெல்லாவின் தட்டுக் குறைகிறதென்று மூன்றாம் மேசைக்காரரே வந்து சொன்னார்களாம். “அவையள் சொல்லாட்டி நான் கவனிச்சிருக்கவே மாட்டன்” என்றார். அதை நம்புகிறேன். தட்டுக் கழுவும் வேலையாவது கொடுங்கோ என்று கேட்டேன். ஆள் போதுமாம். தலையை ஆட்டி ஆட்டிக் கவலைப்பட்டார், உண்மையான கவலை. பிறகு அவளை வேலையால் நிற்பாட்டினார்.

மனேஜரைத் திட்டலாம் என்று வீட்டுக்கு வந்தேன். திட்டு வரவில்லை. ஒரு பெட்டி பிஸ்கற்றை மேசையில் வைத்தவர் அவர். மிச்சம் எல்லாம் நாங்கள்.

ஸ்ரெல்லா ஏப்ரனைக் கழுவிப் பிழிந்து கதிரையில் போட்டுவிட்டுப் போனாள். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

யூன் 13, வியாழன்
அந்தோனியார் திருநாள். யாரும் கடலுக்குப் போகவில்லை, எங்களுக்கும் லீவு. பூசையில் றீற்றா பாடினாள். நல்ல குரல், பொய் சொல்லக்கூடாது. சமாதானம் சொல்லும் நேரம் திரும்பி எனக்குக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். ஸ்ரெல்லாவைக் காணவில்லை.

யூன் 14, வெள்ளி
காற்றுத் தணிந்தது. நண்டு நிறைய.

மூன்றாம் மேசைக்குப் பரிசு. படமெடுக்க என்னையும் நடுவில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். சிரித்தேன்.

பெட்டியை உடைத்துப் பங்கு வைத்தார்கள். ஒரு பங்கு கூடுதலாக வைத்து, றீற்றா அதை ரிசுத் தாளில் சுற்றி என்னிடம் நீட்டினாள்.

“போற வழியிலை ஸ்ரெல்லாட்டைக் குடுத்துவிடுங்கோ அக்கா. எங்களோடை இருந்தவதானே.”

முகத்தில் வெட்கம் தேடினேன். இல்லை. மனமாரத்தான் கொடுத்தாள். மற்றவர்களும் ஓம் ஓம், மறக்காமல் குடுங்கோ என்றார்கள். இவர்களை எப்படி வெறுப்பது? வெறுக்கிறேன்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியில் எறிந்துவிடலாம் என்றிருந்தது. ஸ்ரெல்லா வேலியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். புருசன் இன்னும் கரைக்கு வரவில்லையாம். சுற்றியிருந்ததைப் பிரித்துப் பார்த்தாள். எனக்கு முன்னாலேயே ஒன்றை எடுத்துச் சாப்பிட்டாள். பசி.

பிறகுதான் கேட்டாள், முகமெல்லாம் மலர்ந்து.

“எங்கடை மேசையே அக்கா வெண்டது?”

ஓம் என்றேன்.