பட்டியலின் முதல் புத்தகம்

மே 2, 1976. ஞாயிறு. நோபல் பார்க்.

உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டேன். மழை வந்தது, எடுத்தேன். மழை விட்டது, மறுபடி காயப்போட்டேன். மறுபடி மழை. மெல்பேண் வானத்துக்கு என்னோடு ஏதோ கோபம்.

மத்தியானம் ஜெயரட்ணம் அண்ணை வந்தார். கிளென் வேவர்லியில் தன் வீட்டுக் கராஜில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு நூலகம் தொடங்கப் போகிறாராம். கார் வெளியே நின்று நனையட்டுமாம். “பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளையளுக்கு ஏத்த சரித்திரக் கதை, சாகசக் கதை ஒரு பத்து எழுதித் தாங்கோ தங்கச்சி. நீங்கள் ஊரில பள்ளிக்கூட லைப்ரரியில இருந்தனீங்கள்தானே. றோணியோ மெசினில பிரதி அடிச்சு எல்லா வீட்டுக்கும் அனுப்புவம். ஆர் என்ன கேக்கினம் எண்டு பாத்து மதராசில இருந்து கப்பல்ல எடுப்பம்.”

பள்ளிக்கூட லைப்ரரி. இப்போது நான் ஆஸ்பத்திரியில் நோயாளர் கோப்புகளை இலக்கப்படி அடுக்குகிறவள். நாள் முழுக்க நின்றபடி. நேரமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் “ஓம் அண்ணை, அதுக்கென்ன” என்றுதான் வந்தது. எனக்கு இது பழைய வியாதி. எதிரில் இருப்பவருக்கு எது கேட்கப் பிடிக்குமோ அதைத்தான் சொல்வேன்.

மே 5, புதன்.

கால் வீங்கியிருக்கிறது. பட்டியல் தொடங்கவில்லை.

மே 9, ஞாயிறு.

தொடங்கினேன். எளிதென்று நினைத்தது என் பிழை.

சரித்திரக் கதை என்றால் முதல் நாற்பது பக்கம் இளவரசியின் கண், மூக்கு, இடை. எந்தப் பிள்ளை பொறுக்கும்? கண்ணுக்கே நாலு பக்கம். பிறகு புரவி, அகழி, சாளரம். கராஜுக்கு வரப்போகிற பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் குதிரை என்று எழுதினாலே எழுத்துக் கூட்டத்தான் வரும். சாகசக் கதைகளில் மூன்று பையன்கள் மலைக்குகையில் கள்ளநோட்டுக்காரரைப் பிடிப்பார்கள். பெண் பிள்ளைகள் வீட்டில் இருந்து அவர்களுக்குத் தோசை சுடுவார்கள். கிரிஜாவிடம் இதைக் கொடுத்தால் என் மூஞ்சியில் எறிவாள்.

மூன்று தேறியிருக்கிறது. இன்னும் ஏழு.

அவளிடமே கேட்டேன். என் மகள், பன்னிரண்டு வயது, ஐந்தாம் வகுப்பு வரை யாழ்ப்பாணத்தில் தமிழில் படித்தவள். ஆங்கிலப் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல், “புட் த சோல்ட் ஒன், அம்மா” என்றாள். உப்புக் கதையைப் போடுங்கோ என்கிறாள்.

அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 16, ஞாயிறு.

இதை எழுதித்தான் தீரவேண்டும். வேறு யாரிடம் சொல்ல?

‘உப்பங்கழிக் காவலன்’ எனக்குப் பதினாறு வயதில் மதராஸ் வார இதழ் ஒன்றில் தொடர்கதையாக வந்தது. எல்லா வீட்டிலும் போல எங்கள் வீட்டிலும் வாராவாரம் பக்கங்களைக் கிழித்து எடுத்து வைப்போம். தொடர் முடிந்ததும் அப்பா சாக்கு ஊசியால் தைத்து மட்டை போடுவார். கதைப் பக்கத்தின் பின்னால் கூந்தல் தைல விளம்பரமும், யாரோ எழுதிய சமையல் குறிப்பின் பாதியும் இருக்கும். அந்தப் பாதிச் சமையல் குறிப்புகள் எனக்கு இன்றும் பாடம்.

தொடர் முடிகிற நேரத்தில் இலங்கையில் ஐம்பத்தெட்டாம் ஆண்டு இனக்கலவரம். எங்கள் கடைக்கு இதழ்க்கட்டு வரவில்லை. மறுபடி வரத் தொடங்கியபோது அந்த இடத்தில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. கடைசி ஏழு வாரம் எங்களிடம் இல்லை. அப்பா அப்படியே தைத்துவிட்டார். படகோட்டிப் பெண் முத்தழகி, சிறைப்பட்ட அண்ணனை மீட்டுக்கொண்டு புயலில் கழிமுகத்துக்குள் திரும்புகிறாள். தூரத்தில் ஒரு வெளிச்சம். அதோடு சரி.

கிரிஜாவுக்கு ஐந்து வயதில் அதைச் சொல்லத் தொடங்கினேன். “பிறகு?” என்று கேட்டாள். பிள்ளை பிறகு என்று கேட்டால் என்ன செய்வது? ஊர்ச்சனம் கரையில் விளக்குகளோடு நின்றது, முத்தழகி படகைச் சேர்த்தாள், எல்லோரும் சுகமாக வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்தார்கள் என்று நானே முடித்தேன். நூறு தரமாவது சொல்லியிருப்பேன். இப்போது எது அச்சில் வந்தது, எது என் வாயில் வந்தது என்று எனக்கே குழம்புகிறது.

இன்று பட்டியலில் முதலாவதாக அதை எழுதினேன். பக்கத்தில், “எல்லோரும் நலமாக வீடு திரும்பும் நிறைவான முடிவு.”

வேறு எப்படித்தான் முடிந்திருக்கப்போகிறது? அந்த வெளிச்சம் கரை விளக்கு இல்லாமல் வேறென்ன?

மே 26, புதன்.

சந்திரகலாவின் ஏரோகிராம் வந்தது. ஊரில் எங்களுக்குப் பக்கத்து வீடு. சாப்பாட்டு மேசையில் வைத்து உரக்க வாசித்தேன். மழை, வெங்காயம், அவளுடைய தமையனின் கலியாணம். முடிவில் வழக்கம்போல, “வீமன் சுகம். வாலை ஆட்டிக்கொண்டு படலையடியில் படுத்திருக்கிறான்.” கிரிஜா சிரித்தாள். கடிதம் வருகிற நாளில் மட்டும்தான் அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அந்த வரி கடிதத்தில் இல்லை. எழுபத்துநாலாம் ஆண்டு நாங்கள் இங்கே வந்த மூன்றாம் மாதமே சந்திரகலா எழுதிவிட்டாள். நாங்கள் விட்டுவந்த நாய் வாசல் படலையை விட்டு எழும்பவில்லை, சோறு தின்னவில்லை, செத்துப்போனது என்று. அன்றைக்குக் கிரிஜாவின் முகத்தைப் பார்த்ததும் “வீமன் சுகம்” என்று வாசித்தேன். இரண்டு வருடமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். இவருக்கும் தெரியும். “பிறகு சொல்லலாம்” என்றார். பிறகு எப்போது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் 13, ஞாயிறு.

றோணியோ தாள் வந்தது. ஊதா மை, என் பெயர் கொட்டை எழுத்தில்: தெரிவு, திருமதி சத்தியபாமா இந்திரகுமார். முப்பத்தொரு வீட்டுக்கு அனுப்பினாராம்.

ஜூன் 27, ஞாயிறு.

முப்பத்தொரு வீட்டில் நாலு வீடு பதில் போட்டிருக்கிறது. ஒருவர் கணக்குப் புத்தகம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்.

களைப்பாக இருக்கிறது. உடம்புக் களைப்பு என்றால் படுத்தால் போகும். இது போகிற களைப்பாகத் தெரியவில்லை.

ஜூலை 10, சனி.

பத்மா போன் எடுத்தா. கிளென் வேவர்லியில் இருக்கிற மதராஸ்காரர். நல்ல மாதிரி, ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாது.

“சத்தியபாமா, அந்தக் காவலன் கதை எங்க வீட்லயே ரெண்டு பாகமும் இருக்கு. உங்க லிஸ்ட்டப் பாத்துதான் பொண்ணுக்குக் கொடுத்தேன். நிறைவான முடிவுன்னு போட்டிருந்தீங்களே? அந்த முத்தழகி கடைசில செத்துப் போயிடறா. தூரத்துல தெரிஞ்ச வெளிச்சம் ஊர் எரியறது. கரைல யாருமே இல்ல. எம் பொண்ணு ரெண்டு நாளா சரியா சாப்பிடல. நீங்க படிச்சீங்களா, படிக்காமலே எழுதிட்டீங்களா?”

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிக்கோணும் என்று நாலு தரம் சொல்லியிருப்பேன். முத்தழகி செத்துப்போனாள் என்று திருப்பியும் சொல்லியிருக்கிறேன் போல. ஏனென்றால் போனை வைத்துத் திரும்பினால் குசினி வாசலில் கிரிஜா.

“முத்தழகி டைஸ்?”

“ஓம். அப்பிடித்தானாம்.”

கரையில் நின்ற சனம்? விளக்கு? கஞ்சி? ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அதெல்லாம் ஆர் எழுதினது?

“நான்தான்.”

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கதிரையில் இருந்து மேசை விளிம்பைச் சுரண்டினாள். பிறகு தமிழில் கேட்டாள். அவளாகத் தமிழில் என்னிடம் பேசி எத்தனை மாதம்!

“அப்ப வீமன்?”

ஐயோ, நான் என்ன சொன்னனான் தெரியுமே? “அவன் சுகமாத்தானே இருக்கிறான்” எண்டு சொல்லிப்போட்டன். வாய் தானாச் சொல்லுது. பிள்ளை என்ரை கண்ணைப் பாத்துக்கொண்டு நிக்குது, நான் பொய் சொல்லிக்கொண்டு நிக்கிறன். எனக்கு என்ன பிடிச்சிருக்கு?

ஜூலை 12, திங்கள்.

அவள் நம்பவில்லை. நேற்று முழுக்க எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

ஜூலை 14, புதன்.

வேலைக்குப் போகும் ரயிலில் நினைத்துக்கொண்டு போனேன். இனி நான் எதைச் சொன்னாலும் அவள் மனதுக்குள், இது அம்மா போட்ட முடிவா என்றுதான் கேட்பாள். பரீட்சை நன்றாகச் செய்திருக்கிறாய் என்றால்? அப்பாவுக்கு ஒன்றுமில்லை, வெறும் காய்ச்சல் என்றால்? ஒரு நாய்க்காக எல்லாவற்றையும் தொலைத்துவிடுவேன்.

கோப்புகளைப் பிழையாக அடுக்கிப் பேச்சும் வாங்கினேன்.

ஜூலை 17, சனி.

கடிதங்கள் இருக்கிற பிஸ்கட் தகரப் பேணியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். “எல்லாம் இதுக்குள்ள கிடக்கு. நீயே வாசி” என்றேன். அவளுக்குப் பிடித்ததை அல்லாமல் வேறொன்றைச் சொன்னது எனக்கு இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஏரோகிராம்களை ஒவ்வொன்றாக, விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். இரண்டு மணித்தியாலம். நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். மூன்று பேருக்கு எத்தனை கிழங்கு வேண்டும்? சட்டி நிறையச் சீவிவிட்டேன். வீமன் செத்த கடிதத்துக்கு அவள் வந்தது எனக்குத் தெரிந்தது. விரல் நின்றுவிட்டது.

அழுதாள். கிட்டப் போனேன். “டோன்ட்” என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

இவர் வேலையால் வந்து சட்டியைப் பார்த்தார். கிழங்கில் பாதியை எடுத்துத் தண்ணீரில் போட்டு வைத்தார்.

ஜூலை 25, ஞாயிறு.

“பாலைத் தாங்கோ.” “ஸ்கூலுக்குக் காசு வேணும்.” ஒரு கிழமைக்கு இவ்வளவுதான் பேச்சு.

ஆகஸ்ட் 1, ஞாயிறு.

கராஜ் திறப்பு. இருபது பேர், மூன்று மண்ணெண்ணெய் ஹீட்டர், ஒரு அலுமாரி. ஜெயரட்ணம் அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்த முதல் புத்தகத்தைப் பேசாமல் வெட்டிவிடுவம், அச்சுப்பிழை எண்டு சொல்லலாம்” என்றார். என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னார், நல்ல மனுசன். நானும் ஓம் என்று தலையாட்டியிருப்பேன். பின்வரிசையில் கிரிஜா இருந்தாள்.

எழும்பிச் சொன்னேன். “அச்சுப்பிழை இல்லை. அந்தக் கதையின்ரை முடிவை நான் வாசிக்கேல்லை. வாசிச்ச மாதிரி எழுதிப்போட்டன். பத்மாவின்ரை பிள்ளையிட்டையும் மற்றப் பிள்ளையளிட்டையும் மன்னிப்புக் கேக்கிறன்.”

யாரோ இருமினார்கள். பத்மா வந்து என் கையைப் பிடித்து, “இதுக்குப் போய் எழுந்து நின்னு சொல்லணுமா? போன்ல நானும் கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன்” என்றா. கிரிஜா தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்.

காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. நாள் முழுக்கப் படுக்கை.

ஆகஸ்ட் 8, ஞாயிறு.

கிரிஜாவின் பள்ளிப்பையில் ஒரு தடித்த தமிழ்ப் புத்தகம். ‘உப்பங்கழிக் காவலன்’, இரண்டாம் பாகம். பத்மாவின் மகளிடம் தானே போன் பண்ணிக் கேட்டு வாங்கியிருக்கிறாள். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 19, வியாழன்.

குசினிக்குள் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், “சாளரம் எண்டா என்ன?” என்றாள்.

“யன்னல்.”

“ஜஸ்ட் யன்னல்?”

“ஓம். யன்னல்தான்.”

“தென் வை டோன்ட் தே சே யன்னல்?” என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள். அவள் போனபிறகு குசினிக்குள் தனியாக நின்று சிரித்தேன்.

ஆகஸ்ட் 29, ஞாயிறு.

இன்று ஆறு சொல் கேட்டாள். கழிமுகம், துடுப்பு, நங்கூரம், மற்றதெல்லாம் மறந்துபோனேன். எங்களிடம் இல்லாத கடைசி ஏழு அத்தியாயத்தில் ஐந்து முடித்துவிட்டாள் என்று கணக்குப் போட்டேன். இன்னும் இரண்டு. நிறுத்து பிள்ளை, மிச்சத்தை நான் சொல்கிறேன் என்று வாய் வரை வந்தது. வாயை மூடிக்கொண்டு வெங்காயம் உரித்தேன்.

செப்டெம்பர் 4, சனி.

முடித்துவிட்டாள் போல. கண் சிவந்திருந்தது. பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கம்பத்தடியில் தனியாக நெடுநேரம் நின்றாள். நான் வெளியே போகவில்லை.

சாப்பிடும்போது கேட்டேன், “எப்பிடி முடியுது?”

புத்தகத்தை மேசையில் என் பக்கமாகத் தள்ளினாள். “நீங்களே வாசியுங்கோ.”

செப்டெம்பர் 11, சனி.

பதினெட்டு வருடம் கழித்துக் கடைசி ஏழு வாரத்தையும் வாசித்தேன். பத்மா சொன்னது சரி. வெளிச்சம், ஊர் எரிந்த வெளிச்சம்தான். முத்தழகி திரும்பிப் போயிருக்கலாம், போகவில்லை. அழுதேன். என் கஞ்சியை விட இது நல்ல முடிவு என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

செப்டெம்பர் 19, ஞாயிறு.

ஜெயரட்ணம் அண்ணைக்குத் திருத்திய பட்டியல் கொடுக்கவேண்டும். இந்த முறை நான் முழுதாக வாசித்தது மட்டும்தான். ஆறே ஆறு புத்தகம். காலையில் எழுதி மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது முதல் புத்தகத்துக்குப் பக்கத்தில் நான் எழுதியிருந்த குறிப்பு வெட்டப்பட்டு, பென்சிலால் கோணல் எழுத்தில் வேறு எழுதியிருந்தது.

“கடைசியில் முத்தழகி செத்துப் போவாள். அம்மாவுக்கு முதலில் தெரியாது. ஆனாலும் வாசிக்கலாம்.”

இப்படியே அடிக்கவா, திருத்தவா என்று ஜெயரட்ணம் அண்ணை கேட்டார். ஒரு எழுத்தும் மாற்றவேண்டாம் என்று சொன்னேன்.